மூன்று வயரும் அனிபலின் காதும்

எங்கள் அம்மா ரோஸ்மிராவுக்கு இரண்டு புருஷன்மார். மூத்தவருக்கு எலியேசர் அண்ணனும் ஓட்டிலியா என்கிற நானும். இரண்டாவது ஆளுக்குப் பிறந்தவன் தம்பி அனிபல். எங்கள் காலி நகரத்து சால்சா ஆட்டப்பாட்டுக் குழுக்களில் முப்பது வருஷம் இரும்பு மணி தட்டியவன்.

அண்ணன் சர்க்கரை ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். இசைத்தட்டுகளை எல்லாம் ஒழித்துவிட்டு, இணையத்திலிருந்து பாட்டை எடுக்கிற ஸ்ட்ரீமர் பெட்டி ஒன்று வாங்கினார். அது தருகிற எண்களை ஓசையாக்க டிஏசி என்று இன்னொரு பெட்டி. இரண்டுக்கும் நடுவே எந்த வயர் நல்லது என்பதுதான் மூன்று வருஷமாக அவருடைய ஆராய்ச்சி. யுஎஸ்பி, கோஆக்சியல், ஆப்டிகல் மூன்றையும் செருகி வைத்து, டிஏசியில் வயரை மாற்றும் குமிழைத் திருப்பித் திருப்பிக் கேட்பார். நோட்டில் எழுதுவார். தூசி படாமல் நான் பின்னிய துணி அந்தப் பெட்டியின் முகத்தை மூடித் தொங்கும்.

ஞாயிறு மத்தியானம் தெருவிலுள்ள பாட்டுப் பைத்தியங்கள் மணியும் மரக்காஸ் கிலுகிலுப்பையும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். பாட்டு ஓட ஓடக் கூடவே தட்டுவார்கள். அனிபல் தொடங்கினால்தான் மற்றவர்கள் கை வைப்பார்கள்.

ஒரு ஞாயிறு அண்ணன் துணிக்குள் கைவிட்டுக் குமிழைத் திருப்பி அனிபலைக் கேட்டார்.

"டேய், இப்ப எந்த வயர்? சொல்லு."

"எல்லாம் ஒண்ணுதாண்ணே."

"இது கோஆக்சியல். மணி மினுங்குது, கேக்கலியா? இப்ப ஆப்டிகல். செத்துப்போச்சு பாரு."

"சாகல. முன்ன எப்படியோ அப்படியேதான் இருக்கு."

மீன்கடை கிளெமென்டே சிரித்தான். "முப்பது வருஷம் காதோரமா இரும்பத் தட்டினா அப்புறம் என்ன மிஞ்சும்?"

அண்ணன் அவனை அடக்கவில்லை. "இவங்கப்பனும் இப்படித்தான். அம்மா கூப்பிட்டா காதே கேக்காது."

கூடமே சிரித்தது. அனிபல் மணியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். அடுத்த வாரம் அதைக் கிளெமென்டே தட்டினான். வீட்டில் அனிபல் கண்ணாடி டம்ளரைக் கரண்டியால் தட்டி, ஒவ்வொரு காதாகப் பொத்திப் பொத்திக் கேட்டுப் பார்க்கிறான் என்று அவன் பெண்டாட்டி நூபியா வந்து அழுதாள்.

ஈஸ்டருக்கு முன்னால் துணியைத் துவைக்க எடுத்தேன். துடைக்கும்போது குமிழ் திரும்பியது. எந்த வயர் ஓடுகிறது என்று காட்டும் விளக்கு மட்டும் யுஎஸ்பியை விட்டு நகரவில்லை. குமிழ் உள்ளே பிடிப்பு விட்டு வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இது சும்மா சுத்துது. உள்ள ஒண்ணுமே மாறல."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"அவன் போன மறுநாளே பாத்துட்டேன். எப்பவோ விட்டுப்போயிருக்கு."

"அப்ப அவன் சொன்னதுதானே சரி! காது போச்சுன்னு மருகிக்கிட்டிருக்கான். போய்ச் சொல்லுங்க."

"மூணு வருஷம் நோட்டுல எழுதியிருக்கேன், ஓட்டிலியா. நாலு பேரு அதைப் பாத்து வயர் வாங்கியிருக்கான்."

நானே போய் அனிபலிடம் சொன்னேன். அவன் சோளம் உரித்துக்கொண்டே கேட்டான்.

"அண்ணன் சொன்னாரா?"

"நான் பாத்தேன்டா."

"எங்கப்பா வீட்டை விட்டுப் போனப்பவும், வேலைக்குப் போயிருக்காரு, வந்துடுவாருன்னு நீதான் சொன்ன. என் மனசு நோகக் கூடாதுன்னா நீ என்ன வேணும்னாலும் சொல்லுவ அக்கா. விடு."

அது உண்மைதான்.

போன ஞாயிறும் கூடம் நிறைந்திருந்தது. கிளெமென்டேயின் மணி எப்போதும்போல் அரைத் தட்டு பிந்தி விழுந்தது. அண்ணன் குமிழைத் திருப்பி, "இப்ப?" என்றார். "அடடா, இதுவல்லவா!" என்று தலையாட்டினார்கள். துவைத்த துணியை இஸ்திரி போட்டு, அந்தப் பெட்டியின் முகத்தில் காலையில் நான்தான் தொங்கவிட்டிருந்தேன்.