பன்றி மேய்த்தவரின் பரம்பரை

டென்மார்க்கின் ஸ்கீவ என்ற ஊருக்கு நாங்கள் அகதிகளாக வந்து எட்டு மாதம் இருக்கும். எனக்கு ஆங்கிலம் நன்றாக வரும், டேனிஷ் அரைகுறை. அந்தத் தகுதியை நம்பித்தான் பக்கத்து வீட்டுக்காரர் என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார். என் மனைவியும் வேடிக்கை பார்க்கக் கூடவே வந்தாள்.

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஊர்த் தேவாலயத்தின் பழைய ஞானஸ்நானப் பதிவுகளையெல்லாம் கொப்பிகளில் பிரதி எடுத்து வைத்திருந்தார். ஆங்கிலம் அறவே தெரியாது. அவரைத் தேடி அமெரிக்காவிலிருந்து ஒரு பெண்மணி வந்திருந்தார். அங்கே முதன்முதலில் குடியேறிய குடும்பங்களில் தன்னுடையதும் ஒன்று என்றார். முந்நூறு வருடங்களுக்கு முன் கப்பலேறிய மூதாதை இந்த ஊராம், பிரபு வம்சமாம். கொண்டுவந்த வம்ச வரைபடம் மேசையை மூடிவிட்டது.

ஆசிரியர் கொப்பியைப் புரட்டி மூதாதையைப் பிடித்துவிட்டார். ஆனால் தகப்பனின் குடும்பப்பெயர் வேறாக இருந்தது. நான் அதைச் சொன்னதும் பெண்மணியின் முகம் சிவந்தது.

"அப்படியானால் அவர் முறை தவறிப் பிறந்தவரா?"

"இல்லையம்மா. அந்தக் காலத்தில் இங்கே ஒவ்வொருவரும் தன் தகப்பனின் பெயரைத்தான் பின்னால் வைத்துக்கொண்டார்கள். எங்கள் தமிழரிலும் அப்படித்தான். எனக்கும் மனைவிக்கும் பெயர் வேறு வேறாக இருந்ததால், நாங்கள் கலியாணம் கட்டியவர்கள்தானா என்று அகதி அலுவலகத்தில் மூன்று தடவை கேட்டார்கள்," என்றேன்.

பெண்மணிக்கு உயிர் வந்தது. "தகப்பன் என்ன செய்தார் என்று கேளுங்கள்."

ஆசிரியர் ஒரு சொல்லைச் சொன்னார். எனக்கு விளங்கவில்லை. திரும்பச் சொன்னார். நான் விழித்தேன். பொறுமையிழந்த மனிதர் மூக்கைச் சுருக்கி, பன்றி போலவே உறுமிக் காட்டி, கையிலே தடி பிடித்து விரட்டுவதுபோலச் செய்தார்.

"ஐயோ, பண்டி மேய்ச்சவரோ?" என்றாள் மனைவி. "சொல்லாதேங்கோ அப்பா. பாவம், எவ்வளவு தூரத்தில இருந்து வந்திருக்கிறா."

சொல்ல என்ன இருந்தது? உறுமலுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. பெண்மணி வரைபடத்தின் உச்சியை விரலால் தடவினார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"அந்தப் பன்றிகளாவது பிரபுவுடையவையா?"

ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார். ஓம், ஊர்ப் பிரபுவின் பண்ணைப் பன்றிகள்தான். கேட்டதும் பெண்மணி கண்ணில் நீர் வரச் சிரித்தார். அப்போதே பேனாவை எடுத்து, வரைபடத்தின் உச்சியில் 'பிரபுவின் பன்றிகளை மேய்த்தவர்' என்று எழுதியும்விட்டார்.

திரும்பி வரும்போது மனைவி கேட்டாள்:

"எங்கட ஆக்கள் என்னத்தை மேய்ச்சவையோ?"

"உங்கட பக்கம் எனக்குத் தெரியாது," என்றேன். அன்று முழுக்க அவள் என்னோடு கதைக்கவில்லை.