இறங்காத எண்

நான் என்ன உத்தியோகம் பார்க்கிறேன் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "மூத்திரத்தப் பாத்து வயித்துல புள்ள இருக்கா இல்லையான்னு சொல்ற வேலை." பல்கலைக்கழகத்தில் மண்டையை உடைத்துப் படித்து, ஆய்வுகூடத்திலேயே முடி நரைத்து, வெளிநாட்டு மாநாடுகளில் கட்டுரை வாசித்து வந்தவளுக்கு ஊர் கொடுத்த பட்டம் அது. ஆரம்பத்தில் சுள்ளென்று கோபம் வரும். உடம்பு சுரக்கும் ஓமோன்கள், புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் பொருள்கள் என்று விளக்கப் போய், கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதியில் எழுந்து தேத்தண்ணி போடப் போனதுதான் மிச்சம். இப்போது விளக்குவதில்லை. ஊருக்குப் போகும்போது கைப்பையில் கர்ப்பம் பார்க்கும் பட்டிகள் சிலவற்றைப் போட்டுக்கொண்டு போய்விடுவேன். பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது யாராவது ஒருத்தி காதோரமாக வந்து கேட்பாள். கொடுத்துவிட்டு வருவேன்.

யோசித்துப் பார்த்தால் அவர்கள் சொல்வதில் பிழையும் இல்லை. என் வாழ்க்கையில் பாதிக்கு மேல் ஒரே ஓர் ஓமோனோடு போயிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு கரு வந்து கருப்பையில் ஒட்டுகிறது. அதற்குக் கையில்லை, வாயில்லை, இதயம்கூட இன்னும் இல்லை. ஆனால் ஒட்டிய கையோடு அது தாயின் இரத்தத்துக்குள் ஒரு சேதியை அனுப்பிவிடுகிறது: நான் வந்துவிட்டேன், இந்த மாதம் என்னை வெளியே தள்ளிவிடாதே. தாய்க்கே தெரியாத நேரத்தில் அவளுடைய உடம்பு அதைக் கேட்டுக்கொள்கிறது. அந்தச் சேதிதான் நான் அளக்கும் ஓமோன். முதன்முதலில் குழாயில் அதன் நிறம் மாறியதைப் பார்த்தபோது நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இன்றைக்கும் அப்படித்தான் நிற்கிறேன், வாயை மட்டும் மூடிக்கொண்டு.

இந்த அதிசயத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. சில புற்றுநோய்களும் இதே ஓமோனைச் சுரக்கும், எழுத்துப் பிசகாமல் அதே சேதியை. குழந்தையும் நோயும் ஒரே குரலில் கூப்பிடுகின்றன என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு வேறு எந்த ஆராய்ச்சியிலும் மனம் போகவில்லை. தாய்மாரின் இரத்தத்தில் தொடங்கி, நோயாளிகளின் இரத்தத்துக்கு வந்து சேர்ந்தேன். என் சொந்தத் தங்கச்சியின் இரத்தம் என் மேசைக்கு வரும் என்று மட்டும் நான் நினைத்திருக்கவில்லை.

தங்கச்சி தோட்டத்திலேயே தங்கிவிட்டவள். வட்டகொடை ரயில் நிலையத்தில் இறங்கி, தேயிலைக்கு நடுவே ஏறிப் போனால் வரும் எங்கள் பழைய லயத்து வரிசை வீட்டில்தான் இருக்கிறாள். காலையில் கொழுந்து எடுப்பாள், மத்தியானத்துக்குப் பிறகு ஆடு. அவள் வீட்டுக்காரர் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளையில்லை. ஒருவழியாக மாதம் தள்ளிப்போனபோது, என் கைப்பைப் பட்டியில்தான் இரண்டு கோடுகளையும் பார்த்தாள். லயத்துக்கே சீனி கொடுத்தாள்.

ஸ்கேனில் பிள்ளை இருக்கவில்லை. கருப்பை நிறைய சின்னச் சின்னக் கொப்புளங்கள், கொத்துக் கொத்தாக. கரு உருவாகும்போதே வழிமாறிப்போய், பிள்ளையாக வேண்டியது வெறும் கொப்புளமாகப் பெருகியிருந்தது. முத்துப்பிள்ளை என்று இதற்குத் தமிழில் பெயர் உண்டு. இவ்வளவு கொடிய ஒன்றுக்கு இவ்வளவு அழகான பெயரை யார் வைத்தார்களோ. கருப்பையைத் துப்புரவாக்கினார்கள். அதன் பிறகுதான் என் ஓமோன் வந்தது. கொப்புளங்களில் கொஞ்சம் உள்ளே மிஞ்சிவிட்டாலும் அது புற்றுநோயாக மாறலாம். அதனால் அந்த எண் இறங்கி இல்லாமல் போகும்வரை திரும்பத் திரும்ப இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். எண் இறங்கினால் அவள் மறுபடி பிள்ளைக்கு ஆசைப்படலாம். இறங்காவிட்டால் ஆசைப்படக் கூடாது.

"அக்கா, எறங்கிருச்சா?"

கிளினிக்குக்குப் போய்வந்த ஒவ்வொரு நாளும் தொலைபேசியில் இதைத்தான் கேட்பாள். இறங்கியது. நன்றாகவே இறங்கியது. பிறகு ஓரிடத்தில் வந்து நின்றது. பெரிய எண் இல்லை, ஆனால் இருக்கக் கூடாத எண். புற்றுநோய்க்குப் போடும் ஊசி மருந்து கொடுத்தார்கள். தங்கச்சிக்கு முடி கொட்டியது, வாயெல்லாம் புண்ணாகிச் சோறு தின்ன முடியவில்லை. எண் அசையவில்லை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஸ்கேனில் எங்கேயும் ஒன்றும் தெரியவில்லை. அவளைப் பார்த்த வைத்திய அம்மா நிதானமானவர், எதையும் அவசரத்தில் சொல்லாதவர். நோய் கருப்பையின் சுவருக்குள் ஒளிந்திருக்கலாம், கருப்பையை எடுத்துவிடுவதுதான் உயிருக்குப் பாதுகாப்பு என்றார். தங்கச்சி சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் ஒன்று சொன்னாள்.

"நீ ஒருக்கா வீட்டுக்கு வா, அக்கா. நீ சொன்னா செஞ்சிக்கிறேன்."

ரயிலில் வழி நெடுக நான் அவளிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். உயிர்தான் முக்கியம், பிள்ளையைத் தத்தெடுக்கலாம் என்றெல்லாம். சொல்லிப் பார்க்கப் பார்க்க என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. அந்த எண் என் தொழில். எண்ணை நம்பித்தான் நான் சோறு தின்கிறேன். அந்த எண் சொல்வதைத் தங்கச்சியின் முகத்தைப் பார்த்துச் சொல்லும் வேலையும் எனக்கே வந்து சேர்ந்திருந்தது.

போய்ச் சேர்ந்தபோது அவள் வீட்டில் இல்லை. பின்னால் ஆட்டுக் கொட்டிலில் இருந்தாள். பெண் ஆடு ஒன்று குட்டி போட்டுக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் இரு, அக்கா. குட்டி திரும்பிக் கெடக்கு."

அவளுக்கு அதில் கைராசி என்று எங்கள் பக்கம் பெயர். பக்கத்து லயங்களில் எந்த ஆடு குட்டி போடக் கஷ்டப்பட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளும் சளைக்காமல் போவாள். பிள்ளை வரம் கேட்டு முனியாண்டி சாமிக்கு ஆட்டுக் கெடா நேர்ந்திருந்தாள். நேர்ந்த கெடா சொந்தக் கொட்டிலில், சொந்தக் கையால் பிறப்பெடுத்ததாக இருக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். கடைத்தெருவில் வாங்கிக் கொடுத்தால் சாமி ஏமாறாது என்பாள். அதனால்தான் இத்தனை வருடமாக ஆடு. ஊருக்கெல்லாம் குட்டி எடுத்துக் கொடுக்கிறவளுக்கு ஒரு பிள்ளை இல்லையே என்று அவள் காதில் விழும்படியே பேசுகிறவர்களும் உண்டு. எனக்கு அவர்களை நாலு அறை விடலாம் போலிருக்கும்.

மணிக்கட்டுவரை கையை உள்ளே விட்டுக் குட்டியைத் திருப்பினாள். கொழுந்து எடுத்து எடுத்து விரலெல்லாம் வெடித்த கை. அந்த வெடிப்புகளுக்குள் ஆட்டின் இரத்தமும் நீரும் ஊறிக்கொண்டிருந்தன. குட்டி வழுக்கிக்கொண்டு வந்து வைக்கோலில் விழுந்தது. அதன் மூக்கைத் தன் விரலால் துடைத்து, வாய்க்குள் ஊதினாள். குட்டி தும்மியது. தங்கச்சி என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள், அந்தக் கொட்டிப்போன தலையோடு.

நான் சிரிக்கவில்லை. அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆய்வுகூடக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு சின்னப் போத்தல் இருக்கிறது. அதன் மேல் சின்னதாக ஓர் ஆட்டின் படம் போட்டிருக்கும். இரத்தத்தில் இந்த ஓமோனைத் தேடிப் பிடிக்க இரண்டு கைகள் மாதிரி இரண்டு எதிர்ப்புப் பொருள்கள் வேண்டும். ஒரு கை இந்தப் பக்கம் பிடிக்க, மறு கை அந்தப் பக்கம் பிடிக்க, நடுவில் ஓமோன் மாட்டிக்கொள்ளும். இரண்டு கையும் சேர்ந்தால் கருவி எண்ணைக் காட்டும். அந்தக் கைகளைச் செய்வது ஆட்டின் இரத்தத்திலிருந்து. இத்தனை வருடம் வெடித்த விரலோடு ஆட்டின் இரத்தத்தில் முங்கி எழுந்தவளின் உடம்பு, ஆட்டைத் தெரிந்து வைத்துக்கொள்ளாமல் இருக்குமா? கண்ட இடத்தில் ஆட்டைப் பிடித்துக்கொள்ளும் பொருள் ஒன்று அவள் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தால், நடுவில் ஓமோனே இல்லாமல் அதுவே இரண்டு கைகளையும் பிடித்துச் சேர்த்துவிடும். கருவிக்கு எங்கே தெரியும். அது பாட்டுக்கு எண்ணைக் காட்டும்.

அப்படியானால் அங்கே நோய் இல்லை. நாங்கள் அளந்துகொண்டிருந்தது ஆட்டை.

"கையக் கழுவிட்டு வா" என்றேன். கைப்பையிலிருந்து ஒரு பட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

"இது எதுக்கு இப்ப?" என்று முறைத்தாள். "வெளயாடுறியா?"

"சொன்னதச் செய்டி."

ஓமோன் சிறுநீரில் இறங்கும். அந்த இன்னொரு பொருள் உருவத்தில் பெரியது, சிறுநீரகத்தின் வடிகட்டியைத் தாண்டி வராது. இரத்தத்தில் காட்டிய எண் உண்மையென்றால், பட்டியில் இரண்டாவது கோடு கட்டாயம் விழ வேண்டும். வீட்டுக் காம்பராவின் ஜன்னல் வெளிச்சத்தில் பட்டியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் நின்றோம். ஒரு கோடு வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றோம். அவ்வளவுதான், ஒரே கோடு. வாழ்நாள் முழுக்க இரண்டாவது கோட்டுக்காக ஏங்கியவள், அது வராததற்காக அக்கா ஏன் அழுகிறாள் என்று புரியாமல் என்னைப் பார்த்தாள்.

மறுநாள் அவளை ரயிலேற்றி என்னோடு கூட்டிக்கொண்டு போனேன். ஒற்றைக் கோட்டை வைத்து ஒரு கருப்பையைக் காப்பாற்ற முடியாது என்று எனக்குத் தெரியும். அவள் இரத்தத்தைப் பாதிக்குப் பாதி நீர்த்துப் பார்த்தேன். ஓமோன் என்றால் எண்ணும் பாதியாக வேண்டும். கொழுந்துக் கூடையில் பாதியைக் கொட்டிய பிறகும் தராசு முள் அதே இடத்தில் நின்றால், கோளாறு கொழுந்தில் இல்லை. முள் அதே இடத்தில்தான் நின்றது. பிறகு ஆட்டிலிருந்து செய்யாத வேறொரு முறையில் அளந்தேன். எண் இல்லவே இல்லை. ஒரு பெண் கொட்டிலில் குனிந்து செய்த வேலையையெல்லாம் அவள் உடம்பு ஒன்றுவிடாமல் நினைவில் வைத்திருந்திருக்கிறது. இதைப் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன், மாணவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன். ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு உடம்பு என்பதன்மேல் பயம் கலந்த மரியாதை வந்தது. கோயிலில்கூட எனக்கு அப்படி வந்ததில்லை.

வைத்திய அம்மா எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்த்தார். சத்திரசிகிச்சையை நிறுத்தினார். வீணாகப் போட்ட ஊசியை நினைத்து அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். தங்கச்சியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவளுக்கு நான் தமிழில் விளக்குவதைத் தமிழ் தெரியாத அவரும் கடைசிவரை இருந்து கேட்டார்.

"அப்ப என் ரத்தத்துல ஆடு இருக்கா?" என்றாள் தங்கச்சி.

"ஆடு இல்லடி. ஆட்டத் தெரிஞ்சு வச்சிருக்கு உன் ரத்தம்."

"அது சரி. இவ்ளோ நாள் வளத்ததுக்கு அதாவது தெரிஞ்சு வச்சிருக்கே." பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

ஊசி மருந்தின் சுவடு உடம்பிலிருந்து போகும்வரை பொறுக்கச் சொன்னார்கள். பொறுத்தாள். முடி திரும்ப முளைத்தது, முன்னைவிடச் சுருட்டையாக. ஒரு காலையில் நான் ஆய்வுகூடத்துக்குள் நுழையும்போதே தொலைபேசி அடித்தது. படத்தோடு கூப்பிட்டிருந்தாள். திரையில் ஒரு பட்டி, இரண்டு கோடுகள்.

"அக்கா, நல்லாப் பாத்துச் சொல்லு. இது ஆடு சொல்லுதா, புள்ள சொல்லுதா?"

பின்னால் கொட்டிலிலிருந்து ஓர் ஆடு கத்தியது. "நீ சும்மா இரு, உன்னையக் கேக்கல" என்று அதை அதட்டினாள்.

"ஆடு மூத்திரத்துல பேசாது" என்றேன். உடனே ஸ்கேனுக்கு வரச் சொன்னேன். ஆடு இல்லை என்றுதான் எனக்குத் தெரியும். பிள்ளையும் அந்தப் பழைய கொப்புளமும் ஒரே குரலில்தான் கூப்பிடும், அதைப் பிரித்துச் சொல்ல என் ஓமோனால் முடியாது. அவளுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. என்னைத் திருப்பிக் கேட்கவில்லை.

ஸ்கேன் அறைக்குள் நானும் போனேன். அதே வைத்திய அம்மாதான். திரையை முதலில் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். தங்கச்சி என் கையைப் பிடித்திருந்த பிடியில் விரல் மரத்துப்போனது. பிறகு அவர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். இருட்டுக்கு நடுவில் அவரைக் கொட்டை அளவில் ஒன்று, அதற்குள்ளே ஒரு புள்ளி விட்டு விட்டுத் துடித்தது.

தங்கச்சி திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"இப்பச் சொல்லு, அக்கா."

"புள்ளதான்டி" என்றேன்.