மேடு தேடிய பஸ்

எங்கள் கூட்டத்தில் பெரிய பிழை விட்டவன் நான்தான். அதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது பல்லைக் காட்டிக்கொண்டு சொல்வதைக் கேட்டு நிற்க எனக்குப் பொறுமை கிடையாது. கண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன். பழைய பஸ் ஒன்றை வீடாக மாற்றும் வேலையில் கணக்கு மாஸ்டர் ஒருவர் கூட இருந்தால் அளவு பிழைக்குமா என்று எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன். அதுதான் வினை.

பஸ் யாருக்காக என்பதைச் சொல்ல வேண்டும். என் சிநேகிதன் ஒருவன் கம்பளையில் இருக்கிறான். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்துக் கதிரைக்காரன். பிஸ்கட் கம்பெனி ஒன்றுக்காக இருபது வருஷம் வேன் ஓட்டி ஊர் ஊராகச் சரக்குப் போட்டவன். இலங்கையில் அவன் தேத்தண்ணீர் குடிக்காத சந்தி இல்லை. அவனை வீட்டில் பிடிக்க வேண்டுமென்றால் தீபாவளிக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் காய்ச்சலுக்குப் போக வேண்டும். அப்படிப்பட்டவனுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வயிற்றில் பொருத்திய மெல்லிய குழாய் வழியாகத் திரவத்தை உள்ளே விட்டு, சில மணித்தியாலம் வைத்திருந்து, அழுக்கோடு வெளியே எடுக்கும் டயலிசிஸ் இப்போது அவனுக்கு. ஒரு நாளைக்கு நாலு தடவை. வீட்டிலேயே செய்யலாம். ஆனால் அதற்கென்று சுத்தமான ஓர் அறை வேண்டும். கதவும் ஜன்னலும் மூடியிருக்க வேண்டும். கை கழுவிய பிறகு கண்டதையும் தொடக்கூடாது. கொஞ்சம் அசந்தால் வயிற்றுக்குள் கிருமி போய்விடும், பிறகு ஆஸ்பத்திரிதான்.

மூன்று வருஷமாக அவன் கிளினிக்கைத் தவிர வேறெங்கும் போகவில்லை. குறை சொல்லவும் மாட்டான். நான் போனால் ஒன்றுதான் கேட்பான்: "எந்த ரோட்டுல வந்தே?" கண்டியிலிருந்து கம்பளைக்கு வர எத்தனை ரோட்டு இருக்கிறது? இருந்தாலும் கேட்பான். பேராதனைப் பாலத்தில் நெரிசலா, அந்தப் பழக்கடை இன்னும் இருக்கிறதா என்று கேட்பான். வீட்டில் எந்த முடிவுக்கும் அவனை யாரும் கேட்பதில்லை. பாவம், நோயாளி, அவனை ஏன் தொந்தரவு பண்ண வேண்டும் என்று விட்டுவிட்டோம். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

அவனுடைய மனைவி யாழ்ப்பாணத்துக்காரி. முன்பு நர்ஸ். அந்த அறைக்கு அவர்தான் ராணி. செருப்போடு வாசலில் நின்று எட்டிப் பார்த்தால்கூட ஒரு பார்வை பார்ப்பார், நாலு நாளைக்கு மறக்காது. இந்த மூன்று வருஷத்தில் அவனுக்கு ஒரு தடவைகூடக் கிருமி தொற்றவில்லை என்றால் அந்தப் பார்வைதான் காரணம்.

மூன்றாவது ஆள் பிலிமத்தலாவையில் கராஜ் வைத்திருக்கிறவன். அவனும் எங்கள் வகுப்புத்தான்; முஸ்லிம் ஆள் என்பதால் சிநேகிதனின் மனைவி அவனை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுவார். தகரமோ இரும்போ அவன் கையில் கிடைத்தால் சொன்னபடி கேட்கும். ஒரு நாள் கம்பளையிலிருந்து இரண்டு பேரும் திரும்பி வரும்போது, வழி நெடுக வாயைத் திறக்காமல் வந்தவன் கெலிஓயா தாண்டியதும் சொன்னான்: "அவனால ரூம உட்டுட்டு வரேலா. அப்ப ரூமயும் கூட்டிக்கொண்டு போவம்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவனுடைய கராஜின் பின்பக்கம் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றி ஓய்ந்துபோன ஒரு குட்டி பஸ் நின்றது. அடுத்த நாள் போய்ப் பார்த்தால் அதன் சீட்டுகளைக் கழற்றி வெளியே அடுக்கிவிட்டான்.

கிளினிக் டொக்டரிடம் கேட்டோம். அறை ஒழுங்காக இருந்தால் போகலாம், ஆனால் வீட்டம்மா பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும் என்றார். ஆக, பரீட்சை எழுதுவது நாங்கள், திருத்துவது அவர் என்று ஆகிவிட்டது. திருகோணமலைக் கடல் வரைக்கும் நாலு நாள் பயணம் என்று தீர்மானித்தோம். கம்பளைக்காரன் இதைக் கேட்டுவிட்டு என்னிடம் தனியாகச் சொன்னான்: "ஒரு தடவ வந்து பாக்குறேன் மச்சான். பாதியில திரும்பினா, பொறகு இந்தப் பேச்சே எடுக்க மாட்டேன். அவளப் பயப்படுத்தி நான் எங்கயும் போகணும்னு இல்ல."

வேலை நாலு மாதம் நடந்தது. கராஜ்காரனை நான் சும்மாவா மெச்சுகிறேன்? பஸ்ஸின் பின்பாதியை அறையாக அடைத்தான். சுவர் முழுக்க வழுவழுப்பான வெள்ளைத் தகடு. தூசு நிற்க ஒரு மூலை இல்லாதபடி எல்லா மூலையையும் வளைத்திருந்தான். கை கழுவும் பேசினுக்குக் காலால் மிதித்தால் தண்ணீர் வரும். கதவு இன்னும் விசேஷம். கழுவிய கையால் கைபிடியைத் தொடக்கூடாது என்பதால் கைபிடியே வைக்கவில்லை, கொண்டியும் இல்லை. முழங்கையால் தள்ளினால் திறக்கும், தள்ளினால் மூடும், விட்ட இடத்தில் அசையாமல் நிற்கும். அதை அப்படித் தொங்கவிட அவனுக்கு மூன்று நாள் பிடித்தது. ஒரு கதவுக்கு மூன்று நாளா என்று நான் கத்தினேன். அவன் காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

என் பங்கு ரசமட்டம். மேசன் பாஸ்மார் சுவர் கட்டும்போது வைத்துப் பார்ப்பார்களே, நடுவில் ஒரு நீர்க்குமிழி உள்ள கட்டை, அதுதான். கட்டில், பேசின், அடுப்பு மேடை, கதவு நிலை எல்லாவற்றிலும் அதை வைத்து, குமிழி நடுவுக்கு வரும் வரை நான் விடவில்லை. கட்டிலுக்குக் கால் வெட்டும்போது கராஜ்காரன் தலையைச் சொறிந்தான்.

"மாஸ்டர், பின்கால் நாலு அங்குலம் கூட வருதே. சரியா?"

"பழைய பஸ். பின்னால சேஸி இறங்கியிருக்கும். மட்டம் பொய் சொல்லாது. வெட்டு," என்றேன்.

வெட்டினான். கணக்கு மாஸ்டர் சொன்னால் வெட்டாமல் என்ன செய்வான்?

வீட்டம்மா மூன்று நாள் வந்து கராஜ் முற்றத்திலேயே பரீட்சை வைத்தார். மத்தியானத் தடவையை பஸ்ஸுக்குள் வைத்தே செய்து பார்த்தார்கள். பேசினில் தண்ணீர் கடகடவென்று இறங்கியது. கதவு சொன்ன சொல் கேட்டது. மூன்றாம் நாள் வெளியே வந்து முகமூடியைக் கழற்றி, "ஓம், போகலாம்," என்றார். கராஜ்காரன் பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்று கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். கேட்டால் வெல்டிங் புகை என்பான்.

ஒரு சனிக்கிழமை காலையில் புறப்பட்டோம். கலகெதரவில் கராஜ்காரனின் வீட்டில் சாப்பாட்டுப் பார்சலை ஏற்றிக்கொண்டு குருநாகல் பக்கம் இறங்கினோம். கம்பளைக்காரன் முன்சீட்டில் இருந்து வழி முழுக்கப் பேசினான். மூன்று வருஷத்துப் பேச்சு. இந்தக் கடையில் முறுக்கு நல்லா இருக்கும், அந்த முதலாளி காசோலையில் கையெழுத்தை மாற்றிப் போடுவான் என்று ஒன்றும் விடாமல் சொன்னான். எனக்குத் தலை வலித்தது. ஆனால் வாயை மூடு என்று சொல்ல மனம் வரவில்லை.

தம்புள்ளை ரோட்டில், இரண்டு பக்கமும் வயலாக இருந்த ஓர் இடத்தில், ஒரு மருத மரத்தடியில் மத்தியானத் தடவைக்காக நிறுத்தினோம். வீட்டம்மா உள்ளே போனார். முழங்கையால் கதவைத் தள்ளி மூடினார். கதவு மூடியது; பிறகு மெதுவாக, எங்களைப் பார்ப்பதற்காகத் திறப்பதுபோல, தானாகவே திறந்தது. மறுபடி மூடினார். மறுபடி திறந்தது. பேசினில் தண்ணீர் துவாரம் இருந்த பக்கம் போகாமல் இந்தப் பக்கம் குளமாக நின்றது. கழுவிய கையில் அழுக்குத் தண்ணீர் தெறித்தது.

அவர் வெளியே வந்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"இஞ்ச பாருங்கோ மாஸ்டர், கதவு தானாத் திறக்குது. தண்ணி போகுதில்லை. உதுக்குள்ள வைச்சு நான் இவருக்குச் செய்ய மாட்டன். இன்னும் நேரம் கிடக்கு, திரும்புவம்."

"நான் கதவைப் பிடிச்சுக்கிறேன் தங்கச்சி," என்றேன்.

"நாளைக்கு நாலு தரம், ஒவ்வொரு தரமும் அரை மணித்தியாலம் பிடிச்சுக்கொண்டு நிப்பீங்களோ? பேசினை ஆர் பிடிக்கிறது?"

கராஜ்காரன் உள்ளே போய்க் கட்டிலில் படுத்துப் பார்த்தான். தலை கீழே, கால் மேலே. எழும்பி வந்து என் ரசமட்டத்தை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தான். குமிழி பின்பக்கமாக ஓடி ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிலிமத்தலாவை கராஜ் முற்றம் ஏற்றம். நாலு மாதமும் பஸ் மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் நின்றது. பின்சக்கரத்துக்கு இரண்டு கல்லை நானே வைத்தேன். எங்கள் மலைப் பக்கத்தில் வாகனத்தை நிறுத்தினால் கல் வைப்பது கை தன் பாட்டில் செய்கிற வேலை; நிலம் சரிந்திருக்கிறது என்று யாருக்கும் தோன்றாது. சரிந்து நின்ற பஸ்ஸுக்குள் எல்லாவற்றையும் நேராக வைத்திருந்தேன். தட்டையான ரோட்டுக்கு வந்ததும் எல்லாம் சரிந்துவிட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளை விடாத பிழை.

"சேஸி இறங்கியிருக்குமாம்," என்று கராஜ்காரன் முணுமுணுத்தான். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. இன்று வரைக்கும் சொன்னதில்லை.

நான் கம்பளைக்காரனைப் பார்க்கவில்லை. பார்க்க முகம் இல்லை. திரும்பினால் அவன் இனி இந்தப் பேச்சை எடுக்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும்.

அவன் முன்சீட்டில் இருந்தபடியே கேட்டான்: "அப்ப பஸ் மூக்கத் தூக்கி நின்னா எல்லாம் சரியாயிருமா?"

"ஆகும்," என்றான் கராஜ்காரன்.

"கராஜ்ல நின்ன அளவுக்கா?"

"அந்தளவுக்கு."

"இன்னும் ஒரு மைல் போ. இடது பக்கம் ஒரு குளம் இருக்கு. ரோட்டுலேருந்து குளக்கட்டுக்கு ஏறுற பாதை ஒன்னு போகும். அந்த ஏத்தத்துல நிறுத்து."

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அவன் சிரித்தான். கம்பெனி கொடுத்த வேனில் ஆறு வருஷம் ஸ்டார்ட்டர் வேலை செய்யவில்லையாம். திருத்தித் தரச் சொல்லிக் கேட்டு அலுத்துப்போய், எங்கே போனாலும் சரிவில்தான் நிறுத்துவானாம். உருளவிட்டு கிளட்சை விட்டால் இஞ்சின் பிடிக்கும். அதனால் அவன் சரக்குப் போட்ட ஒவ்வோர் ஊரிலும் மேடு எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

குளம் அங்கேயே இருந்தது. ஏற்றமும் இருந்தது. கராஜ்காரன் மூக்கை மேலே வைத்து பஸ்ஸை ஏற்றினான். நான் இறங்கி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்தேன். வீட்டம்மா உள்ளே போய்க் காலால் மிதித்தார். தண்ணீர் கடகடவென்று இறங்கியது. முழங்கையால் கதவைத் தள்ளினார். நாங்கள் மூன்று பேரும் மூச்சுவிடாமல் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அது அசையவில்லை. உள்ளேயிருந்து அவருடைய குரல் வந்தது: "இஞ்சேருங்கோ, வாங்கோ. நேரமாகுது."

அதற்குப் பிறகு நாலு நாளும் அவன்தான் எங்களுக்கு வழி. ஹபரணையில் பழைய மில்லுக்குப் பக்கத்தில் ஒரு மேடு, கந்தளாயில் குளக்கட்டு, தம்பலகாமம் தாண்டி ரயில் கடவைக்கு ஏறும் இடம். தட்டையான அந்த நாட்டில் எல்லாரும் நிழல் தேடுவார்கள், நாங்கள் மேடு தேடினோம். கராஜ்காரன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அவனைக் கேட்டான். வீட்டம்மாவும் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து அவனைத்தான் கேட்டார். இரண்டு தடவை அவன் சொன்ன மேட்டை வெட்டி வீடு கட்டியிருந்தார்கள். "எவன்டா என் மேட்ட வெட்டினது," என்று அவன் திட்டியதைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கடற்கரையில் மட்டும் மேடு இல்லை. கராஜ்காரன் மண்வெட்டியை எடுத்து, பின்சக்கரம் இரண்டுக்கும் முக்கால் அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, புதையாமல் பலகை போட்டு, பஸ்ஸைப் பின்னுக்கு இறக்கினான். வியர்வை ஒழுக நின்றவனிடம், சும்மா சொல்லக்கூடாது, நீ ஒரு மனுஷன்டா என்றேன். "மட்டத்தப் பாருங்க மாஸ்டர்," என்றான். பார்த்தேன். குமிழி நடுவில் நின்றது. கம்பளைக்காரன் அரை மணித்தியாலம் மூடிய கண்ணாடி வழியாகக் கடலைப் பார்த்தபடி இருந்தான்.

திரும்பி வந்த அடுத்த சனிக்கிழமை நான் பிழையைத் திருத்தலாம் என்று ரசமட்டத்தோடு கராஜுக்குப் போனேன். கராஜ்காரன் கட்டில் காலை வெட்ட வாளை எடுத்துவிட்டான். வீட்டம்மா வெள்ளைத் தகடுகளைத் துடைக்க வந்திருந்தார். என் கையிலிருந்த ரசமட்டத்தைக் கண்டதும் துணியைக் கீழே வைத்தார்.

"வெட்ட வேண்டாம், நானா. மாஸ்டர், நீங்களும் உந்த மட்டத்தைப் பெட்டிக்குள்ள வையுங்கோ."

"தட்டையான இடத்துலயும் நிக்கலாமே தங்கச்சி. மேடு தேடி அலைய வேண்டியதில்ல."

பஸ்ஸின் முன்சீட்டில், கூட வந்திருந்த கம்பளைக்காரன் ரோட்டு வரைபடத்தை விரித்து வைத்து, மன்னார்ப் பக்கம் பென்சிலால் ஏதோ புள்ளி போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்குக் கேட்காதபடி வீட்டம்மா குரலைத் தாழ்த்தினார்.

"மூண்டு வருசமா அவரை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை. இதைத் திருத்திப்போட்டா பிறகு அவரை என்னத்துக்குக் கேக்கப்போறம்?"

கராஜ்காரன் வாளைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினான். நான் ரசமட்டத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டு, முன்பக்கம் போய், மன்னார் ரோட்டில் எங்கேடா நிறுத்துவது என்று அவனிடம் கேட்டேன்.