நாலாவது ஓடை எங்கே போனது?

ஓடை காவல் என்பது, ஆறு வற்றினால் மட்டும் ஊருக்கு ஞாபகம் வருகிற வேலை. எங்கள் ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்புக்கு நான்தான் அதைப் பார்க்கிறேன். ஆற்றுக்குச் சொந்தத் தண்ணீர் கிடையாது. நாலு ஓடை கொடுத்தால் ஆறு ஓடும், குளம் நிறையும், வெயில்காலச் சிறுபோக நெல் விதைக்கலாம். ஓடை அடைபட்டால் ஆறு பாசி பிடித்து நாறும். இந்த முறை நாறியது. குளம் பாதிகூட இல்லை. மாரி முடிய ஒரு மழைதான் பாக்கி. இப்படியான வேலை பார்த்து இடுப்பு, அதாவது நாரி, முறிந்தவர்களுக்கு மிச்சம் விளங்கும்.

பள்ளம்

முதலாவது ஓடையைச் செல்லத்துரை மண் கொட்டி நிரவி, மேலே உழவு மெசினை நிறுத்தியிருந்தான். "ஓடைக்குள்ளை என்னடா மெசின்?" என்றேன். இறங்கி வந்தான். சுற்றிவர நடந்து வடிவாகப் பார்த்தான்.

"ஐயா, இது ஓடையில்லை. மழை பெய்தால் தண்ணி ஓடுற பள்ளம்."

எருமை

அந்தப் பள்ளத்தை வெட்டுவிக்க மூன்று நாள் சண்டை. இரண்டாவது ஓடையில் புஸ்பம் மண்மூட்டை அடுக்கி, தன் எருமைக்குக் குளிக்க இடம் கட்டியிருந்தா. மூட்டையை எடுக்கலாம், முதலில் எருமை எழும்பட்டும் என்றா. கத்தினேன். எருமை அசையவில்லை. வாலைப் பிடித்து இழுத்தேன். அது ஒருதரம் உடம்பை உலுக்கியது. நான் சேற்றில் மல்லாக்க. புஸ்பம் கரையில் நின்று யோசித்தா.

"அண்ணை, இப்ப ரெண்டு கிடக்குது. எதை முதல் எழுப்ப?"

படம்

எருமை எழும்ப மூட்டையும் போனது. மூன்றாவது ஓடை முழுக்க முள்ளுப் பற்றை. தனியாள் வெட்ட ஏலாது. உதவி கேட்டு அமைப்புத் தலைவரிடம் போனேன். அவர் பரந்தன் கடையில் அச்சடித்த பதாகையோடு, ஆற்றங்கரையில் பொங்கல் வைத்துப் படம் எடுக்கிற ஆயத்தத்தில் நின்றார். ஆற்றைக் காக்கிறாராம். ஆறு அங்கே பச்சைக் கூழாய்க் கிடக்கிறது. "பொங்கலை விட்டுட்டு ஓடைக்கு வாரும்" என்றேன்.

"ஆற்றங்கரையிலை நிண்டால் தலைவர் மாதிரித் தெரியும். பற்றைக்குள்ளை நிண்டால், ஒதுங்க வந்த ஆள் மாதிரியெல்லோ தெரியும்!"

பாலம்

பற்றையைச் செல்லத்துரையும் புஸ்பமும் நானுமாக வெட்டினோம். கடைசி மழையும் வந்தது. மூன்று ஓடை ஆற்றில் விழுந்தன. நாலாவது காய்ந்து கிடந்தது. "எவனடா அடைச்சவன்?" என்று கத்திக்கொண்டு மண்வெட்டியோடு மேலே நடந்தேன். ஊரே பின்னால் வந்தது. தலைவரும் குடையோடு வந்தார்.

ஓடை வளைந்து வளைந்து ஒரு வேலிக்குப் பின்னால் போய் நின்றது. வேலி என்னுடையது. சைக்கிள் உருட்டிப் போக, போன வருசம் நான்தான் மரக்குற்றி போட்டு மண் மூடினேன். அதை நான் பாலம் என்று சொல்லி வந்தேன். தண்ணீர் முழுக்க என் வாழைக்குள் நின்றது.

அதே மண்வெட்டியால் பாலத்தை வெட்டினேன். தண்ணீர் பாய்ந்தது. சிறுபோகத்துக்குக் குளத்துத் தண்ணீர் போதும் என்று பிறகு சொன்னார்கள். செல்லத்துரை மட்டும் அன்றைக்கே கிட்ட வந்து, தோளில் தட்டி ஆறுதல் சொன்னான்.

"விடுங்கோ ஐயா, இது ஓடையில்லை. மழை பெய்தால் தண்ணி ஓடுற பள்ளம்."

இப்போது சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் ஓடை கடக்கிறேன். ஆறு ஓடுகிறது, நாரிதான் பிடித்துக்கொண்டது.