போர்ட்டோவில் ஓர் இடம்

ஆக்லாந்தில் அந்தக் குளிர்காலம் முழுவதும் சனிக்கிழமைகளில் அவள் எப்சத்திலிருந்து பஸ் மாறி, கிளென் ஈடனில் என் வாடகை வீட்டுக்கு வருவாள். கோயம்புத்தூர்க்காரி. அண்ணன் குடும்பத்தோடு இருந்து அவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். மிச்ச நேரத்தில் களிமண்ணில் பாத்திரம் வனைவாள். நான் யாழ்ப்பாணத்தவள், தனியாள், படம் வரைபவள். ஐரோப்பாவில் ஒரு வருடமாவது இருந்து எங்கள் வேலையை மட்டும் செய்ய வேண்டும் என்பது இருவருக்கும் ஆசை.

பெர்லினில் அறை கிடைக்காது என்றார்கள். லிஸ்பனில் வாடகை ஆக்லாந்தைப் போலவே ஏறியிருந்தது. போர்ட்டோவைக் கண்டுபிடித்தது அவள்தான். அங்கே கலைஞர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் கூடத்தில் சூளையும் இருந்தது, வெளிச்சமான மாடியும் இருந்தது. இருவரும் விண்ணப்பிக்கலாம், ஆனால் ஓர் இடம்தான் இருக்கிறது என்று எனக்கு எழுதினார்கள். அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

எங்கள் படைப்புகளின் புகைப்படங்களைத் தெரிவு செய்து அனுப்பும் வேலையை அவள் என்னிடமே விட்டிருந்தாள். என்னுடையவற்றில் மிக நல்லவற்றை எடுத்தேன். அவளுடையவற்றில் வாய் கோணியவை, பூச்சு வழிந்தவை என்று தேடித் தேடி எடுத்தேன். பயணச் செலவுக்கு வனையும் சக்கரத்தை விற்றுவிடலாமா என்று கேட்டாள். விற்கச் சொன்னேன். அடுத்த வாரமே விற்றாள்.

பதில் வந்தது. எனக்கு மட்டும் இடம். அவள் அழவில்லை. எந்தப் படங்களை அனுப்பினேன் என்று கேட்டாள். போனை நீட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

"ரெண்டாவது நல்லாத்தானே இருக்கு, அக்கா. எனக்கு ரொம்பப் பிடிச்சது அது."

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். அந்த வெள்ளை மனம் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"அது வடிவில்லை. அதாலதான் அனுப்பினனான்."

அவளுக்குப் புரியச் சற்று நேரம் எடுத்தது. பிறகு குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

போர்ட்டோவில் பதினொரு மாதம் இருந்தேன். நல்ல படங்கள் வரைந்தேன். அதையும் சொல்ல வேண்டும். விசா முடிந்து திரும்பி வந்தேன். போன மாதம் பாட்டனி டவுன்ஸில் ஒரு துணிக்கடைக்குப் போனபோது கவுண்டரில் அவள் நின்றாள். இப்போதும் வனைகிறீரா என்று கேட்டேன்.

"இல்லைங்க. பை வேணுமா?"

வேண்டாம் என்றேன். அவள் எனக்குப் பின்னால் நின்றவரைப் பார்த்தாள். கார் நிறுத்துமிடம் வரை அவள் விற்ற சக்கரத்தையே நினைத்தபடி நடந்தேன். ஆனால் போர்ட்டோவில் கிடைத்த அந்த இடத்தை இன்று அவளுக்கு விட்டுக்கொடுப்பேனா என்றால், மாட்டேன்.