பார்க்காத தாமரைக்குளம்

செபஸ்தி அண்ணே, போன வாரம் நான் சித்தன்னவாசலில் இறங்கிவிட்டேன்.

படிக்கிற உங்களுக்கு முதலில் அவன் யாரென்று சொல்லிவிடுகிறேன். செபஸ்தி என் கூடப் பிறந்தவன், மூத்தவன். போன மழைக்காலத்தில் மஞ்சள்காமாலையில் போய்விட்டான். எங்களுக்கு ஊர் அன்னவாசலுக்கு அங்கிட்டு. புதுக்கோட்டையில் பஸ் ஏறினால், வழியில் கண்டக்டர் "சித்தன்னவாசல்லாம் எறங்கு" என்று சத்தம் போடுவார். தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக யாராவது இறங்குவார்கள். நாங்கள் இறங்கியதே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை கூட்டிப்போனார்களாம். அதற்குள் நாங்கள் இரண்டு பேருமே படிப்பை விட்டிருந்தோம்.

மெட்ராஸில் அவன் ஓட்டலில் சப்ளையர், நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல். இரண்டு பேருக்கும் ஒன்றாக லீவு வருவது அபூர்வம். அப்படி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வெயில் தாங்காமல் நடந்து வரும்போது, கலை பண்பாட்டு மையம் என்று போட்ட பெரிய கட்டடத்துக்குள் நுழைந்தோம். டிக்கெட் கிடையாது, ஏசி உண்டு. கலைக்காகப் போனோம் என்று நான் பொய் சொல்லமாட்டேன்.

அண்ணன் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டான். வாட்ச்மேன் போட்டுக்கொண்டே போகலாம் என்றார். கோயில் மாதிரி இவ்வளவு சுத்தமாக இருக்கிற இடத்தில் எப்படி என்று இவன் கேட்டான். எனக்கு வெட்கமாக இருந்தது. நான் செருப்போடு நடந்தேன், கொஞ்சம் தள்ளியே நடந்தேன். உள்ளே பினாயில் வாசனை. இப்போதும் எங்காவது அந்த வாசனை வந்தால், அவன் வெறுங்காலோடு எனக்குப் பின்னால் வருகிற சத்தம் கேட்கிறது.

உள் ஹாலில் ஒரு சுவர் முழுக்கத் தாமரைக்குளம். மீன், வாத்து, யானை, பூப்பறிக்கிற ஆட்கள். கீழே சித்தன்னவாசல் ஓவியத்தின் நகல் என்று எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். அங்கே விளக்கம் சொல்கிற அக்கா, கழுத்தில் கார்டு மாட்டியிருந்தவர், எந்த ஊர் என்று கேட்டார்.

"சித்தன்னவாசலுதாங்க. இது எங்க ஊரு படம்."

அவன் இடுப்பில் கிள்ளினேன். அவன் நிறுத்தவில்லை. அங்கே நின்ற காலேஜ் பிள்ளைகள் எல்லாம் இவனைச் சுற்றி வந்துவிட்டார்கள். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், இதைவிட அங்கே கலர் பளிச்சென்று இருக்கும் என்று அளந்தான். படத்தைப் பார்த்துப் பார்த்தே சொன்னான்.

அந்த அக்கா மெதுவாகக் கேட்டார். "அங்கயும் செவுத்துலயாங்க இருக்கு?"

"ஆமாங்க. இதே மாதிரி செவுத்துலதான். கையெட்டுற தூரம்."

அவர் சிரித்துக்கொண்டு தலையாட்டினார்.

வெளியே வந்ததும் அண்ணன் முகம் செத்துப்போய்விட்டது. "பாக்காததப் பாத்தேன்னுட்டேனே புள்ள. சாமியாருகிட்டப் பாவசங்கீர்த்தனத்துல இதயும் சொல்லணுமா?"

"சாமியாரு சிரிப்பாரு, போண்ணே."

"ஊருக்குப் போனதும் ரெண்டு பேரும் போயிப் பாத்துருவோம். அப்பறம் அது பொய்யில்லையில்ல?"

பாஸ்கா பண்டிகைக்கு, அதுதான் ஈஸ்டருக்கு, ஊருக்குப் போனோம். மறுநாள் காலையிலேயே குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். எனக்குப் புதுக்கோட்டையில் போய்ச் சுடிதார் எடுக்க வேண்டியிருந்தது. "சித்தன்னவாசல் மல எங்கயும் ஓடிப்போயிராது. அடுத்த லீவுக்குப் பாப்போம்" என்றேன். அவன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டான். தனியாகப் போகமாட்டானா என்று கேட்காதீர்கள். ஒரு டீக்கே என்னைக் கூப்பிட்டுக்கொண்டு போகிறவன். அடுத்த லீவுக்கு அவனைப் பெட்டியில் கொண்டுவந்தோம்.

அந்தச் சுடிதாரை இன்னும் பிரிக்கவில்லை.

போன வாரம் கண்டக்டர் சத்தம் போட்டதும் என்ன தோன்றியதோ, இறங்கிவிட்டேன். பாறையில் குடைந்த சின்ன அறைதான். வெளியே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே போய்ச் சுவர் சுவராகத் தேடினேன். குளத்தைக் காணோம். காவலுக்கு நின்றவர், "அண்ணாந்து பாரும்மா" என்றார்.

குளம் மேல்கூரையில் இருந்தது. சாயம் போய், அங்கங்கே உதிர்ந்து, மிச்சமாகக் கொஞ்சம் பச்சை, கொஞ்சம் தாமரை.

அந்த அக்காவுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. காலேஜ் பிள்ளைகள் முன்னால் அவனை விட்டுக்கொடுக்காமல் இருந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. "மாட்டிக்கிட்டியேண்ணே" என்று திரும்பினேன். பக்கத்தில் வேறு யாரோ நின்றார்கள்.

மெட்ராஸ் திரும்பியதும் அந்த அக்காவிடம் சொல்லலாம் என்று கட்டடத்துக்குப் போனேன். அவர் இப்போது அங்கே இல்லையாம். படத்தையும் எடுத்துவிட்டார்கள். அந்தச் சுவரில் விற்பனைக்குச் சேலை தொங்கவிட்டிருந்தார்கள். அண்ணன் நின்று கதை அளந்த இடத்தில் ஒரு மேசை. கொஞ்ச நேரம் அங்கே வெறுங்காலோடு நின்றுவிட்டு வந்தேன்.

நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும் சரி, செபஸ்திக்காக ஒரு நிமிடம் வேண்டிக்கொள்ளுங்கள். அவன் சொன்ன பொய்யைப் பொய்யாகவே விட்டவள் நான்தான். அதை அவன் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று கேளுங்கள்.