முதலில் வந்தவருக்குத் திறக்காத பக்கம்

பூங்குழலி மரக்காணத்துக் கடலோரக் குப்பத்தைச் சேர்ந்தவள். புதுச்சேரியில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. ஒரு வெப்சைட்டை ஒரே நேரத்தில் ஏராளமான பேர் திறந்தால் தாங்குமா என்று சோதிப்பாள். கூட்டமே வருவதுபோல ஒரு டூலை ஓடவிட்டு, பக்கம் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்ப்பாள்.

அவளிடம் முதன்முறையாகத் தனியாக ஒப்படைத்தது மீனவர்களுக்கான பக்கம். படகு எடுக்கும் முன் காற்றும் அலையும் எப்படி என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். சோதனையில் எல்லோருக்கும் சட்டென்று வந்தது. முதலில் வருகிறவருக்கு மட்டும் வரவே மாட்டேன் என்றது.

பக்கத்தை எழுதிய கௌதமன் அலட்டிக்கொள்ளவில்லை. "ஃபர்ஸ்ட் ரிக்வெஸ்ட் அப்படித்தாங்க இருக்கும். உங்க டூல் ஸ்டார்ட் ஆவுற நேரமா இருக்கலாம். அத மட்டும் எடுத்துட்டு ரிப்போர்ட் குடுத்துடுங்க."

இருக்கலாம் என்றுதான் அவளுக்கும் தோன்றியது. தன் சோதனையிலேயே தப்போ என்ற பயம் வேறு. மறுநாள் காலை கடலிலிருந்து திரும்பிய அப்பா தட்சணாமூர்த்தியிடம் பேச்சுவாக்கில் கேட்டாள். குப்பத்தில் சிலருக்கு அந்தப் பக்கத்தை முன்னோட்டமாகக் கொடுத்திருந்தார்கள்.

"தொறக்கலம்மா. வெள்ளையா நின்னுச்சு. போன மூடிட்டுக் கெளம்பிட்டேன்."

"மத்தவங்களுக்கு?"

"எனக்கு அப்புறம் பார்த்த தேவநாதனுக்கு ஒடனே வந்துச்சாம். இன்னிக்கு நம்ம போட்டுதானே மொதல்ல எறங்குச்சு."

காற்றைப் பார்க்காமலே போயிருக்கிறார். அப்பாவின் போனில் அவளுடைய டூல் ஏது?

ஆபீஸில் அப்பா சொன்னதைச் சொல்லி, கௌதமனைப் பக்கத்தில் உட்காரவைத்தாள். சைட்டைக் கொஞ்ச நேரம் யாரும் தொடாமல் விட்டு, முதலில் வெறும் லோகோவை மட்டும் கேட்டாள். உடனே வந்தது. டூலிலும் நெட்டிலும் குறையில்லை. அடுத்து காற்று நிலவரத்தைக் கேட்டாள். சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடி கேட்டதும் பட்டென்று வந்தது.

"காத்து நிலவரத்த சேத்து வெச்சிருக்கிற டேட்டாபேஸா?" என்றாள்.

கௌதமன் செட்டிங்கைத் திறந்து பார்த்தான். "ஆமாங்க. யாரும் வரலன்னா அதுக்குப் போற கனெக்‌ஷன மூடிடுது. அடுத்து வர்ற ஆளுக்குத்தான் புதுசா தொறக்குது. நான் வெச்சதுதான், யோசிக்கல."

எப்போதும் சில கனெக்‌ஷன்கள் திறந்தே இருக்கும்படியும், சர்வர் ஆரம்பிக்கும்போதே அவை தயாராகும்படியும் மாற்றினான். மறுபடி கொஞ்ச நேரம் யாரும் தொடாமல் விட்டுச் சோதித்தார்கள். முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. இன்னொரு தடவை பார்த்துவிடலாம் என்று அவனே சொன்னான். அப்போதும் அப்படியே வந்தது.

"அப்பாகிட்ட சொல்லிடுங்க," என்றான். அவள் ஏற்கெனவே போனை எடுத்திருந்தாள்.

சாயங்காலம் ஊருக்குத் திரும்ப, சென்னை பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கீழ்புத்துப்பட்டு தாண்டியது நினைவிருக்கிறது. உப்பளங்களைப் பார்த்த நினைவில்லை. கண்டக்டர் தட்டி எழுப்பியபோது மரக்காணம் தாண்டி, கடப்பாக்கம் வந்திருந்தது. இறங்கி எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றாள். எரிச்சலே வரவில்லை, டீ குடிக்க வேண்டும் போலிருந்தது.